மூன்றாம் குற்றிக்கு ஒரு பிழைதிருத்தல் ஆதாரம்

குன்னத்துகால் பஞ்சாயத்தில் குடியிருக்கும் ஞானாபரணம் மகன், ஆதாரம் எழுதிப் பிழைக்கும், ஐம்பது வயது நிறைந்த எட்வின் தாசன் ஆகிய நான், என் ஒரே மகன் ஜெபினுக்கு முழு நினைவோடு எழுதும் கடிதம் இது. எவருடைய வற்புறுத்தலும் இன்றி என்று சேர்த்து எழுதுவது எங்கள் தொழிலின் வழக்கம். அப்படி எழுத முடியவில்லை. உன் அம்மா வற்புறுத்தினாள். நோக்கம் ஒன்றே. நம் தேவாலயச் சபை வளாகத்தில் மட்டம் பார்க்க அடித்த மர முளைகளில் மூன்றாவதான மூன்றாம் குற்றியின் அளவில் நேர்ந்த பிழை யாருடையது என்பதை எழுத்தால் அறிவிக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் பத்திரம் என்றும் இப்பால் கேரளத்தில் ஆதாரம் என்றும் சொல்லப்படும் தாள்களை எழுதியே என் இருபத்தைந்து ஆண்டுகள் போயின. அவற்றில் ஒரு வகைக்குப் பிழைதிருத்தல் ஆதாரம் என்று பெயர். முன்பு எழுதியதில் சர்வே எண்ணோ எல்லையோ மாறிவிட்டால், தவறியது எது, சரியானது எது என்று இரண்டையும் சொல்லிப் பதிந்துகொள்ளும் தாள் அது. பிறருக்காக அதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். என் பேரில் எழுதுவது இதுவே முதல் தடவை.

இதை ஒட்டிய உறைக்குள் வைத்து உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் உன் மேல் நான் பழி சுமத்தியது உறைக்குள் வைத்தல்ல, ஊர் முன்னிலையில். ஆகவே இதன் ஒரு நகல் சபையின் அறிவிப்புப் பலகைக்கும் போகிறது. அங்கே நின்று வாசிப்பவர்களில் சிலருக்கு நடந்தது முழுவதும் தெரியாது. உனக்குத் தெரிந்தவற்றையும் அவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

பொறியியல் கல்லூரியை நீ மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு வந்தபோது நான் உன்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. நீயும் விளக்கம் சொல்லவில்லை. கொத்தவேலை மேசிரி ராசையனோடு வேலைக்குப் போகத் தொடங்கினாய். சிமெண்டு படிந்த கால்களோடு நீ வீட்டுக்குள் வருவதைப் பார்க்காமல் இருப்பதற்காக நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வேன். இரண்டு ஆண்டுகள் அப்படிப் போன பிறகு ஒரு நாள், "அப்பா, கட்டட சர்வே படிக்கப் போறேன். தொலைதூரப் படிப்பாக்கும். வேலைக்கும் போவலாம், வீட்டில இருந்து படிக்கவும் செய்யலாம்" என்றாய். நான் உன்னை வாழ்த்தவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்திருந்த உன் மாமனிடம், நீ கேட்கும்படியாகவே, "தபாலுல நீச்சல் படிச்சவன நெய்யாத்துல எறக்கிவிட்டா எப்படி இருக்கும்? அதுபோலயாக்கும் இது" என்றேன். மாமன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்ததால் அதையே வேறு மூன்று வீடுகளிலும் சொன்னேன்.

இங்கே முதல் ஒப்புதலைச் செய்துவிடுகிறேன். நம் முன்னறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கும் என் முதுகலைச் சான்றிதழ் நான் கல்லூரிக்குப் போய் வாங்கியதன்று. அஞ்சல் வழியில் படித்தேன். பகலில் ஒரு மூத்த எழுத்தரிடம் நகல் எழுதிக்கொண்டே, பொட்டலமாக வந்த பாடங்களை மூன்று ஆண்டுகள் தனியாகப் படித்துத் தேறினேன். அதை நான் உன்னிடம் ஒருபோதும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயரை மட்டும் சொல்லி, எஞ்சியதை அவர்களே ஊகிக்க விட்டிருந்தேன். உன் புத்தகப் பொட்டலம் வந்த அன்று அதன் பழுப்புத் தாளின் வாசனை எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. அதைத் தெரிந்தவனாகக் காட்டிக்கொண்டிருந்தால் உன்னோடு ஒரு நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்திருப்பேன். நான் தெரியாதவனாக நின்றேன்.

நீ படித்த விதத்தை நான் கவனிக்காமல் இல்லை. கைபேசியில் பாடம் ஓட, மடியில் குறிப்பேடு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நேர்முக வகுப்புக்காகப் பாறசாலையிலிருந்து முதல் ரயிலில் திருவனந்தபுரம் போய் இருட்டுவதற்குள் திரும்புவாய். செய்முறைக்குக் கருவி இல்லாத நாட்களில், தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயைச் சுவரோடு சுவராகப் பிடித்து நம் வீட்டையே அளந்தாய். அப்படி அளந்த ஒரு நாள் முன்னறையில் நின்று, "அம்மா, நம்ம தரை அடுக்களைப் பக்கமாட்டு ரெண்டு சென்டிமீட்டர் சரிஞ்சாக்கும் கெடக்குது" என்றாய். நான் நின்று கட்டிய வீடு அது. "நான் கெட்டின வீட்டுக்குக் கோட்டமா? குழாயத் தூரப் போடுலே" என்று சத்தம் போட்டேன். நீ ஒரு கோலிக்குண்டைக் கொண்டுவந்து நடுத்தரையில் வைத்தாய். அது சற்று யோசிப்பதுபோல் நின்றுவிட்டு, பிறகு நேராக அடுக்களைக்கு உருண்டது. உன் அம்மா வாய்விட்டுச் சிரித்து, "அதாக்கும் நான் இங்க தொடைக்குற வெள்ளம் எல்லாம் என்னைத் தேடி வாறது. இத்தன வருஷமும் நான் எனக்க கைக்க குத்தமுண்ணுல்லியா நெனச்சேன்" என்றாள். நீயும் சிரித்தாய். நான் அந்தக் கோலிக்குண்டை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தேன். வீட்டில் மூவரும் சேர்ந்து சிரித்திருக்கக்கூடிய ஒரு தருணம் அது. நான் அதிலிருந்து விலகிக்கொண்டேன்.

படிப்பின் கடைசிப் பகுதி ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு மெய்யான வேலைக்கு நீ மட்டம் பார்த்து, அந்த அளவுப் புத்தகத்தை, வேலை கொடுத்தவர்களின் கையொப்பத்தோடு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அப்போதுதான் சபை வளாகத்தில் இன்டர்லாக் கல் பதிப்பதாக முடிவாகியிருந்தது. மழைநீர் சுவரோரம் தேங்காமல் சாலைப் பக்கம் வடிய வேண்டும். அதற்கு மட்டம் பார்க்க ஆள் தேவை. சபைச் செயலர் என்ற முறையில் அந்த வேலையை உனக்குக் கொடுக்க நான் சம்மதித்தேன். அதைப் பெரிய சலுகையாக நினைத்தேன். உனக்கு வழக்கமாக அளவு எழுதித் தரும் நண்பனுக்கு அன்று காய்ச்சல். "எழுதுயதுக்கு ஆள் வேணும்" என்று நீ தயங்கியபோது, "எழுத்து எனக்கத் தொழில்தானே, நான் எழுதுறேன்" என்று நானே முன்வந்தேன். எவரும் என்னை அழைக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அன்று காலை பத்துக் குற்றிகள் அடித்திருந்தாய். முக்காலியின் மேல் வாடகைக்கு எடுத்த மட்டம் பார்க்கும் கருவி. அதற்குப் பின்னால் நீ. மேசிரி ராசையன் நெடிய அளவுகோலைக் குற்றிக்குக் குற்றி நிறுத்திப் பிடித்தார். நீ கருவிக்குள் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும். தொடங்கும் முன் நீ இரண்டு செய்திகளைச் சொன்னாய். ஒன்று, கோலில் எண் கூடினால் தரை தாழ்வு, எண் குறைந்தால் தரை உயர்வு. "தலகீழா இருக்கே" என்றேன். மற்றது, "அப்பா, நான் சொல்லுயத எழுதுயதுக்கு முன்ன ஒருக்கா திருப்பிச் சொல்லணும். நான் 'ஆமா'ண்ணு சொன்ன பெறவு எழுதினா போதும். அதாக்கும் முறை" என்றாய். "எலே, இருபத்தஞ்சு வருஷமாட்டு சொல்லக் கேட்டு எழுதுயவனாக்கும் நான்" என்று முணுமுணுத்தேன். என்றாலும் முறை என்ற சொல்லுக்கு நான் அடிமை. முதல் குற்றிக்குத் திருப்பிச் சொன்னேன். இரண்டாம் குற்றிக்கும் சொன்னேன். மேசிரி மட்டும் தச்சுப் பென்சிலை எடுத்து, நீ கூவிய எண்ணைக் குற்றியின் தலையிலேயே குறித்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "புக்கு வீட்டுக்குப் போவும் சாறே, குத்தி இங்கதான நிக்கும்" என்றார். படிக்காதவரின் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் குற்றிக்குக் கோல் நகர்ந்தபோது சபைக் குழுவினர் இருவர் வாசலில் வந்து நின்றார்கள். நான் குனிந்து, மகன் சொல்வதைப் பள்ளிப் பிள்ளைபோல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒருவர், "செக்ரட்டரி சாறு மகனுக்க கிட்ட டியூஷனுக்குச் சேர்ந்தாச்சு போலயே" என்றார். மற்றவர், "பீஸ் உண்டா சாறே, இல்ல ஓசியா?" என்றார். வெறும் கேலி, அதில் வன்மம் இல்லை. எனக்கு மட்டும் காது சூடேறியது. அந்த நேரம் நீ கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணைச் சொன்னாய். நான் திருப்பிச் சொல்லாமல் எழுதினேன். நீ காத்திருந்தாய். தலையை உயர்த்தி, "அப்பா?" என்றாய். "எழுதியாச்சு. அடுத்தத சொல்லு" என்றேன். நீ ஒரு நொடி என்னையும் வாசலில் நின்றவர்களையும் பார்த்தாய். பிறகு, என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக என்றே இப்போது நினைக்கிறேன், எதுவும் சொல்லாமல் கண்ணைக் கருவியில் வைத்தாய். மீதி ஏழு குற்றிகளுக்கும் நான் திருப்பிச் சொல்லவில்லை.

நீ சொன்னது "ஒண்ணு நானூத்தம்பது". நான் எழுதியது ஒன்று புள்ளி நான்கு பூஜ்யம் ஒன்பது. நம் ஊர்ப் பேச்சில், தமிழில் சொன்னாலும் மலையாளத்தில் சொன்னாலும், நானூத்தம்பதுக்கும் நானூத்தொம்பதுக்கும் இடையே இருப்பது ஒரு எழுத்தின் ஓசை. சற்றுத் தள்ளி நிற்பவனுக்கு அந்த ஓசை காற்றில் போய்விடும். திருப்பிச் சொல்லும் விதி இந்த ஊரில் பிறந்தவனுக்கே எழுதிவைத்ததுபோன்றது. அதோடு, ஆதாரத்தில் எந்த எண்ணையும் எண்ணாலும் எழுத்தாலும் இரண்டு முறை எழுத வேண்டும் என்று என்னிடம் வேலை பழகியவர்களை நான் கண்டித்துக் கண்டித்து வளர்த்தவன். அன்று என் மகனின் புத்தகத்தில் எண்ணால் மட்டும், அதுவும் தவறாக, எழுதினேன். இந்த இடத்தில் ஒரு சொல்லை எழுதி அடித்திருக்கிறேன். அதைப் பற்றி முடிவில் சொல்கிறேன்.

நாற்பத்தொரு மில்லிமீட்டர் வித்தியாசம். எண் குறைந்ததால் மூன்றாம் குற்றியின் தரை உள்ளதைவிட உயரமாகக் கணக்கில் வந்தது. உயரம் என்பதால் அங்கே மணல் குறைவாக விரிக்கும்படி குறி விழுந்தது. அன்று நீ கூட்டிக் கழித்துப் பார்த்தபோது கணக்கு நேராக முடிந்தது; முகம் மலர்ந்து எனக்குக் காட்டினாய். அந்தக் கூட்டல் தொடக்க அளவையும் முடிவு அளவையும் மட்டுமே சோதிக்கும், நடுவில் எடுத்த அளவு தவறினால் அதைக் காட்டிக்கொடுக்காது என்பதைப் பிற்பாடு உன் பாடப்புத்தகத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். நூல் கட்டும்போது மேசிரிக்குச் சந்தேகம் வந்தது. "மக்கா, மூணாவது குத்திக்கிட்ட ஒரு குழி போல உண்டே" என்றார். நீ போய்ப் புத்தகத்தைப் பார்த்தாய், குறியைப் பார்த்தாய், மறுபடி புத்தகத்தைப் பார்த்தாய். மேசிரி எண் குறித்த குற்றித் தலை அதற்குள் மணலுக்கடியில் போயிருந்தது. "புக்கில உள்ளது சரியாக்கும்" என்றாய். நீ புத்தகத்தை நம்பினாய். புத்தகத்தில் இருந்தது என் கையெழுத்து.

முதல் நல்ல மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குச் சற்று முன்பு பெய்தது. வளாகம் முழுவதும் நீ திட்டமிட்டபடியே நீர் சாலைக்கு ஓடியது. பக்கவாசல் எதிரே மட்டும், மூன்றாம் குற்றி இருந்த இடத்தில், வட்டமாகத் தேங்கி நின்றது. வயதான பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றி நடந்தார்கள். "எலே ஜெபினே, ஞானஸ்நானத்துக்கு இனி ஆத்துக்குப் போவாண்டாம், நீ தொட்டியே கெட்டித் தந்துட்டியே" என்று ஒருவர் கூவினார். "தபால் படிப்பு, தண்ணியில போச்சு" என்று இன்னொருவர் சொன்னார். அந்தத் தபால் என்ற சொல் அவர் வாய்க்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். நான் வீடு வீடாகக் கொடுத்துவைத்த சொல் அது.

அடுத்த வாரம் குழு கூடியது. போதகர், "மழைக்குப் பிறகு சரிசெய்துகொள்ளலாம், பையன்தானே" என்றுதான் தொடங்கினார். எழுந்து நின்று அதைத் தடுத்தவன் நான். விதி எல்லாருக்கும் ஒன்று, செயலரின் மகன் என்பதற்காகத் தளர்த்தக் கூடாது என்றேன். நீ அழைக்கப்பட்டு வந்து நின்றாய். "நான் நானூத்தம்பதுண்ணாக்கும் சொன்னேன்" என்றாய். அதைத் தவிர நீ வேறொன்றும் சொல்லவில்லை. நான் திருப்பிச் சொல்லாததைக்கூடச் சொல்லவில்லை. "சொன்னதுக்குச் சாட்சி இல்ல. எழுதினதாக்கும் சாட்சி" என்றேன். என் அறையில் கட்சிக்காரர்களிடம் பேசும் குரல் அது. வாசலில் நின்ற மேசிரி, "சாறே, நான் குத்தியில குறிச்சிருந்தேன்" என்றார். "அந்தக் குத்தி எங்க?" என்று கேட்டேன். கல் பதிக்கும்போது குற்றிகளைப் பிடுங்கியாகிவிட்டது. நடவடிக்கைக் குறிப்பில் 'அளவெடுத்தவரின் பிழை' என்று என் கையால் எழுதினேன். அளவுப் புத்தகத்தில் சபை கையொப்பமிடுவதில்லை என்று தீர்மானமும் எழுதினேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பேர் என் கையைப் பிடித்து, மகன் என்றும் பாராமல் நின்றீர்களே என்று பாராட்டினார்கள். ஜெபின், இந்தக் கடிதத்தில் எழுதுவதற்கு மிகவும் கூசும் வாக்கியம் இதுதான்: அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது.

நீயும் மேசிரியும் இரண்டு நாள் உட்கார்ந்து அந்தக் கற்களைப் பெயர்த்து, மணல் இட்டு, மறுபடி பதித்தீர்கள். நான் அறிவிப்புகள் எழுதும் சாக்கில் உள்ளே இருந்து ஜன்னல் வழியே பார்த்தேன். நீ அளவுகோலைச் செருகி, "நாலு சென்டிமீட்டர், ஒரு மில்லி" என்றாய். மேசிரி உன் தோளில் கையை வைத்தார். அந்த எண்ணை நான் கேட்டேன். ஐம்பதிலிருந்து ஒன்பதைக் கழிக்கத் தெரியாதவன் அல்லேன். கழிக்க மறுத்தேன். அந்த மாதமே நீ பாலராமபுரத்தில் ஒரு டைல்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே அறை எடுத்துக்கொண்டாய்.

நீ போன பிறகு ஒரு காலை, குளிக்க வெந்நீர் வைப்பதற்காக உன் அம்மா விறகுப் புரையிலிருந்து ஒரு சாக்கை இழுத்தாள். சபையில் மிஞ்சிய பொருட்களைச் செயலர் வீட்டில் வைப்பது வழக்கம். பிடுங்கிய குற்றிகள் அந்தச் சாக்கில் வந்திருந்தன. கூட்டத்தில் நான் மேசிரியிடம் எங்கே என்று கேட்ட குற்றி, கேட்ட நேரத்தில் என் வீட்டில் கிடந்தது. ஒன்றை அடுப்பில் வைக்கப் போனவள் நின்று, "இதுல என்னமோ எழுதியிருக்குதே, பாருங்க" என்று நீட்டினாள். தச்சுப் பென்சிலில், கோணல் எழுத்தில், 3 என்றும் அதன் கீழ் 1.450 என்றும் இருந்தது. என் கை அதை வாங்கியது. "பழைய கணக்கு ஏதோ" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு குற்றியை அடுப்பில் வைத்தாள். நான் அதை அலமாரியில், பயன்படாத பழைய முத்திரைத்தாள்கள் கிடக்கும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். எரிக்கவில்லை என்பதை ஒரு நேர்மையாக நினைத்துக்கொண்டேன். பத்து மாதங்கள் அது அங்கேயே இருந்தது.

அந்தப் பத்து மாதங்களில் செய்த இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உன் கைபேசி எண்ணை நீ மாற்றிவிட்டாய். படிப்பு நிறுவனத்திடம் இருப்பது, பெற்றோர் எண் என்று நீ கொடுத்த என் எண் மட்டும். அளவுப் புத்தகத்தை அனுப்பச் சொல்லி இரண்டு நினைவூட்டல்கள் எனக்கு வந்தன. இரண்டையும் நான் உனக்குத் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால், கூட்டத்துக்குப் பின் என்னிடமே தங்கிவிட்ட புத்தகத்தைக் கேட்பாய், கேட்டால் அதைத் திறக்க வேண்டும். சென்ற வாரம் மூன்றாவது வந்தது. அடுத்த மாத முடிவுக்குள் புத்தகம் வந்து சேராவிட்டால் உன் பதிவு ரத்தாகும், மற்றப் பாடங்களில் நீ தேறியதும் அதோடு போகும் என்று இருந்தது. நான் அதை வாசித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். உன் அம்மா வந்து நிமிர்த்தி வைத்தாள், வாசித்தாள். நீ செவ்வாய்க்கிழமைகளில், நான் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, வந்து சாப்பிட்டுவிட்டுப் போவது எனக்குத் தெரியும். உன் தட்டு கழுவிக் கவிழ்த்திருப்பதை மாலையில் பார்ப்பேன். பார்க்காததுபோல் என் தட்டை எடுத்துக்கொள்வேன். அன்றும் செவ்வாய்க்கிழமை. அவள் உன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "ஆதாரத்துல ஒரு எழுத்து மாறினா ஓடிப்போயி பிழைதிருத்து எழுதுவீங்களே. பிள்ளைக்கு எழுதாண்டாமா?" என்றாள். பிறகு, "அந்தக் குத்தி இன்னும் இழுப்பறையிலதான் இருக்கு. நான் வாரம் ஒருக்கா சாவி எடுத்துத் தொறந்து பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றாள். நான் திறக்க அஞ்சிய இழுப்பறையை அவள் நாற்பது வாரங்கள் திறந்து மூடியிருக்கிறாள்.

தந்தை எழுதும் கடிதத்தில் அறிவுரை இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். உனக்கு அறிவுரை சொல்லும் தகுதியைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. ஆனாலும் என் தவறு எனக்குக் கற்பித்ததை உன்னிடம் சேர்ப்பது என் கடமை. நாளை உன் கீழே ஆட்கள் வேலை செய்வார்கள். எழுதுகிறவன் வயதில் மூத்தவனாக இருந்தாலும், உன் தகப்பனாகவே இருந்தாலும், அவன் திருப்பிச் சொல்லும்வரை அடுத்த அளவுக்குப் போகாதே. அன்று நீ எனக்குக் காட்டிய இரக்கம் நீர் தேங்கும் குழியாக முடிந்தது. இன்னொன்று, நேர்மையைப் பற்றியது. நான் வாழ்நாள் முழுவதும் விதிகளைப் பிடித்துக்கொண்டு நின்றதை நேர்மை என்று எண்ணியிருந்தேன். பிறர் தவறும்போது நீட்டவே நான் அவற்றைக் கையில் வைத்திருந்தேன் என்பது இப்போது தெரிகிறது. என்னை அளக்க வேண்டிய ஒரே நாளில் கோலைக் கீழே போட்டுவிட்டேன். விதியை விரும்பும் குணம் உனக்கும் உண்டு, என்னிடமிருந்து வந்தது. அதை முதலில் உன் மேல் வைத்துப் பார்.

இனி, ஆதாரங்களின் முடிவில் எழுதும் அடித்தல் திருத்தல் குறிப்பு. இக்கடிதத்தில் ஓர் அடித்தல் உண்டு. என் பிழையைச் சொல்லி முடித்த இடத்தில் 'எனினும்' என்று ஒரு சொல் எழுதியிருந்தேன். அதன் பின், நீ எண்களைச் சேர்த்துச் சொல்லாமல் நான்கு, ஐந்து, பூஜ்யம் என்று தனித்தனியாகச் சொல்லியிருக்கலாம் என்று எழுதுவதாக இருந்தேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லை எழுதியபோது என் பேனா லேசாக ஓடியது, அதனால் அடித்துவிட்டேன். அடித்தது கண்ணுக்குத் தெரியும்படி ஒற்றைக் கோடு. வேறு அடித்தலோ திருத்தலோ இல்லை.

நான் இப்போது செய்யப்போவது இது. வரும் ஞாயிறு, ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும் வேளையில், மற்ற அறிவிப்புகளுக்கு முன்பாக, மூன்றாம் குற்றியின் பிழை எழுதியவனுடையது என்றும் எழுதியவன் நான் என்றும் வாசிப்பேன். குற்றியைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பேன். மேசிரி ராசையனை அன்று வரச் சொல்லியிருக்கிறேன். அவர் சாட்சி சொல்ல வந்ததை மறித்ததற்காக அவரிடமும் மன்னிப்புக் கேட்பேன். அளவுப் புத்தகத்தில் நான் எழுதிய எண்ணின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, சரியான எண்ணை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, 'எழுதியவரின் பிழை' என்று குறித்து, என் முழுக் கையொப்பம் இடுவேன். குழு தன் பழைய தீர்மானத்தை மாற்றிப் புத்தகத்தில் கையொப்பமிட வேண்டும் என்று கேட்பேன், போதகர் சம்மதித்துவிட்டார். அதன் பிறகு செயலர் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைப்பேன்.

திங்கட்கிழமை முதல் ரயிலில் புத்தகத்தோடு பாலராமபுரம் வருவேன். என்னைப் பார்க்க உனக்கு மனமில்லையென்றால் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்புவேன், கோபிக்க மாட்டேன். திருத்திய புத்தகம் போதாது, முதலிலிருந்து அளந்தே அனுப்ப வேண்டும் என்று நீ நினைத்தால், பத்துக் குற்றிகளையும் நானே சீவி, அதே இடங்களில் நிறுத்துவதற்குக் கொண்டுவருவேன். எழுத உன் நண்பனை அழைத்தாலும் சரி. என்னை அழைத்தால் வருவேன். நீ கருவிக்குள் பார்த்துச் சொல். வாசலில் யார் நின்று சிரித்தாலும், பேனா தாளைத் தொடும் முன், உரக்கத் திருப்பிச் சொல்வேன். நீ ஆமாம் என்று சொல்லும்வரை காத்திருப்பேன்.